கணவாய் வந்த வழி

பெருமாளைக் கும்பிடும் வீடுகள் பலவற்றில், கோயிலாழ்வாருக்குள் ஒரு சம்புடத்தில் சாளக்கிராமம் எழுந்தருளியிருக்கும். வழவழத்த கறுப்புக் கல், வாய்போல் ஒரு திறப்பு, உள்ளே சக்கரம். அன்றாடம் திருமஞ்சனம் காணும் அந்தக் கல், ஒரு காலத்தில் கடலடிச் சேறு.

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இமயம் இல்லை. டெதிஸ் கடல் இருந்தது. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான அம்மோனைட், சுருள் ஓட்டோடு அதில் நீந்தியது. செத்து விழுந்த ஓட்டைச் சேறு பொதிந்து உருண்டையாக இறுகியது. உள்ளே பதிந்த அந்தச் சுருளே சக்கரம். வஜ்ரகீடம் என்னும் புழு கல்லைக் குடைந்து சக்கரம் செய்தது என்பது நம் மரபு. உயிர் ஒன்றின் வேலை இது என்று அன்றே கண்டார்களே, அது எனக்குத் தீராத வியப்பு.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியப் புவித்தட்டு ஆசியாவில் முட்டியது. கடல் மூடிக்கொள்ள, அதன் தரை மடிந்து இமயமாக மேலெழுந்தது. சாளக்கிராமம் கிடைக்கும் நேபாளத்துக் காளி கண்டகி ஆறு அந்த மலையைவிட மூத்தது என்பது நிலவியலாளர் பலரின் கருத்து. அரிவாள்மணை நகர்வதில்லை, காய்தான் அதனிடம் வரும். அப்படித்தான் மலை எழ எழ, ஆறு தன் தடத்திலேயே நின்று அரிந்தது. வெள்ளம் உருட்டிவரும் கற்களே அதன் கூர். இன்று ஒருபுறம் தவுளகிரி 8,167 மீட்டர், மறுபுறம் அன்னபூர்ணா 8,091. இடையே, சிகரங்களுக்குச் சுமார் 5,500 மீட்டர் கீழே ஆறு. கரையின் களிப்பாறை பொடிந்து போக, கெட்டியான உருண்டைகள் மட்டும் உதிர்ந்து, உருண்டு, வழவழப்பாகின்றன.

கணவாய் என்றால் தமிழில் மலைவழியும்தான்! ஆறு அறுத்த அந்த வழியில் தகாலி வணிகர்கள் திபெத்து உப்பை இறக்கினார்கள், தானியத்தை ஏற்றினார்கள். அதே வழியில் முக்திநாத் கோயிலுக்கு யாத்திரிகர்கள் ஏறினார்கள். திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் அதுவே என்பர். திரும்புகிறவர்களின் மூட்டையில் கல் தெற்கே வந்தது.

இங்கிலாந்தின் விட்பி கடற்கரையிலும் அம்மோனைட் கிடைக்கிறது. ஹில்டா என்ற துறவி கல்லாக்கிய பாம்பு அது என்றார்கள் ஊரார். தலை எங்கே என்ற கேள்வி வருமே! வியாபாரிகள் தலையைச் செதுக்கியே விற்றார்கள். சாளக்கிராமத்துக்கு விலை பேசலாகாது என்கிறது மரபு. ஆனாலும் வேறு கறுப்புக் கல்லில் சக்கரம் செதுக்கும் கைகள் இங்கும் உண்டு.

மலை இன்னும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது, ஆறும் விடவில்லை. மழைவெள்ளம் வடிந்ததும் காக்பேனி அருகே ஆற்றுப்படுகையில் மக்கள் குனிந்தபடி நடக்கிறார்கள், புதிதாக எது உருண்டு வந்திருக்கிறது என்று பார்த்தபடி.