ஸ்மெதிக்: தோற்றவரின் கோரிக்கை ஜெயித்த தொகுதி

தேர்தல் முடிவு வந்ததும் நாம் செய்கிற முதல் வேலை கணக்குப் பார்ப்பது. யார் ஜெயித்தார், எத்தனை வாக்கு வித்தியாசம், நம்மை இழிவாகப் பேசியவர் தோற்றாரா? அவர் தோற்றிருந்தால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெருமூச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதை இங்கிலாந்தின் பழைய தொகுதி ஒன்றின் கதை காட்டுகிறது. இளம் தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொகுதியின் பெயர் ஸ்மெதிக். பர்மிங்ஹாமை ஒட்டிய தொழில் நகரம் அது. வார்ப்படப் பட்டறைகளும் கண்ணாடி, உலோகத் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். 1918இல் தனித் தொகுதியாகி, 1974 பிப்ரவரித் தேர்தலோடு கலைக்கப்பட்டது. இடைப்பட்ட 56 ஆண்டுகளில் அது கண்ட மனிதர்களைப் பாருங்கள்.

1918இல்தான் பிரிட்டனில் பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை கிடைத்தது. அந்தத் தேர்தலில் ஸ்மெதிக்கில் நின்றவர், பெண் வாக்குரிமைப் போராளி கிறிஸ்டபெல் பேங்க்ஹர்ஸ்ட். தொழிற்கட்சியின் ஜான் டேவிசனிடம் வெறும் 775 வாக்குகளில் தோற்றார். 1926 டிசம்பர் இடைத்தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று ஜெயித்தவர் ஆஸ்வால்ட் மோஸ்லி. ஆம், 1932இல் பிரிட்டிஷ் பாசிஸ்ட் கட்சியைத் தொடங்கிய அதே மோஸ்லிதான். 1945 பொதுத்தேர்தலில் ஜெயித்த ஆல்பிரட் டாப்ஸ், முடிவு அறிவித்த மறுநாளே கார் விபத்தில் இறந்துபோனார். அதனால் நடந்த இடைத்தேர்தலில் வந்தவர் பேட்ரிக் கார்டன் வாக்கர். அடுத்த 19 ஆண்டுகளுக்கு அவர்தான் உறுப்பினர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டறைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பஞ்சாபிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். கொதிக்கும் உலோகத்தின் முன் நிற்கிற வேலை அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. மதுக்கடைகளில் நல்ல அறை வெள்ளையருக்கு, ஓரத்து அறை மற்றவருக்கு. சில கடைகளில் அதுவும் இல்லை. இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்கட்சியின் உள்ளூர் மனமகிழ் மன்றத்திலேயே இந்த நிறத்தடை இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழிலாளரின் கட்சி, ஆனால் எல்லாத் தொழிலாளரும் உள்ளே வர முடியாது.

1964 அக்டோபர் 15. கன்சர்வேடிவ் கட்சி சார்பில் நின்றவர் பீட்டர் கிரிஃபித்ஸ் என்ற பள்ளித் தலைமை ஆசிரியர். வீட்டுப் பற்றாக்குறை, வேலை, பள்ளிக்கூடம் என எல்லாப் பிரச்சினைக்கும் குடியேறிகளே காரணம் என்ற பேச்சு ஊரெங்கும் ஓடியது. கறுப்பர் பக்கத்து வீட்டுக்காரராக வேண்டுமென்றால் தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போடு என்ற பொருளில், அச்சில் ஏற்ற முடியாத வசைச் சொல்லோடு ஒரு கோஷம் பரவியது. கிரிஃபித்ஸ் அதை எழுதியவர் அல்ல. ஆனால் கண்டிக்கச் சொன்னபோது மறுத்தார். அது மக்கள் உணர்வின் வெளிப்பாடு என்றார்.

அந்தத் தேர்தலில் நாடு தொழிற்கட்சியின் பக்கம் சாய்ந்தது. 13 ஆண்டு கன்சர்வேடிவ் ஆட்சி முடிந்து ஹரால்ட் வில்சன் பிரதமரானார். ஆனால் ஸ்மெதிக் எதிர்த்திசையில் 7.2 சதவீதம் சாய்ந்தது. கிரிஃபித்ஸ் 16,690, கார்டன் வாக்கர் 14,916. வெளியுறவு அமைச்சராகக் காத்திருந்தவர் 1,774 வாக்குகளில் தோற்றார்.

கார்டன் வாக்கரை நாயகனாக்கிவிட வேண்டாம். 1962ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர் அவர், உண்மைதான். ஆனால் 1950இல் அமைச்சராக இருந்தபோது, வெள்ளைக்காரப் பெண்ணை மணந்த ஆப்பிரிக்கத் தலைவர் செரெட்சே காமாவை அவருடைய சொந்த மண்ணான பெச்சுவானாலாந்திலிருந்து விலக்கி வைத்ததும் இவர்தான். 1964 பிரச்சாரத்திலும் அவருடைய தரப்பு வெறுப்பை நேருக்கு நேர் எதிர்க்கவில்லை. குடியேறிகள் அதிகம் வந்தது கன்சர்வேடிவ் ஆட்சியில்தான் என்று பதில் சொன்னது. அதாவது, இவர்கள் இங்கே இருப்பது ஒரு குற்றம், அந்தக் குற்றம் எங்களுடையது அல்ல என்று சொன்னது. எதிரியின் கேள்வியை ஏற்றுக்கொண்டு பதிலை மட்டும் மாற்றினால் ஜெயிப்பது எதிரிதான்.

வில்சன் சபையில் கிரிஃபித்ஸை 'நாடாளுமன்றத் தொழுநோயாளி' என்று சாடினார். விலக்கி வைப்பதை எதிர்க்கிறவர் வாயில், விலக்கி வைக்கப்பட்ட நோயாளியின் பெயரே வசையானது. கார்டன் வாக்கரை உறுப்பினராக இல்லாமலே வெளியுறவு அமைச்சராக்கினார். அவர் 1965 ஜனவரியில் லெய்டன் இடைத்தேர்தலில் நின்று, அங்கும் 205 வாக்குகளில் தோற்றுப் பதவி விலகினார்.

ஸ்மெதிக்கில் மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்ற திட்டம் எழுந்தது. இதை எதிர்த்து நின்றது இந்தியத் தொழிலாளர் சங்கம். அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர் அவ்தார் ஜோஹல், 1958இல் பஞ்சாபிலிருந்து வந்து வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தவர். சங்கத்தின் அழைப்பில் 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் ஸ்மெதிக் வந்தார். மார்ஷல் தெருவில் நடந்தார். ஜோஹலோடு ஒரு மதுக்கடைக்குப் போனார், அங்கே வெள்ளையருக்கான அறையில் அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மார்ஷல் தெருத் திட்டத்துக்கான கடனுக்கு வீட்டுவசதி அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் அனுமதி மறுத்தார்.

1965 இறுதியில் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. மதுக்கடை, விடுதி போன்ற பொது இடங்களில் பாகுபாடு சட்டவிரோதமானது. வீடும் வேலையும் அதில் சேர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1966 தேர்தலில் தொழிற்கட்சியின் ஆண்ட்ரூ ஃபால்ட்ஸ் என்ற நடிகர் கிரிஃபித்ஸைத் தோற்கடித்தார். இங்கேதான் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நாம் விடக்கூடாது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே வில்சன் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, காமன்வெல்த் தொழிலாளருக்கான அனுமதிச் சீட்டை ஆண்டுக்கு 8,500ஆகச் சுருக்கிவிட்டது. 1968இல் கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வந்த ஆசியர்களைத் தடுக்கவும் அதே கட்சி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கிரிஃபித்ஸ் ஸ்மெதிக்கில் இருந்தது பதினேழு மாதம். அவர் கேட்டதை நிறைவேற்றியது, அவரைத் தொழுநோயாளி என்று திட்டியவர்களின் அரசு.

நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. பஞ்சாபிலிருந்து வந்தவர்களோடு சாதியும் கப்பலேறியது. நிறத்தடையை எதிர்த்த நாட்டின் சட்டத்தில் சாதிக்குத் தெளிவான இடம் இன்னும் இல்லை. சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் சொன்னது. செய்யப்போவதில்லை என்று 2018இல் அரசு அறிவித்தது. நிறத்தின் பெயரால் அடிபட்டவர்களுக்குள்ளும் சாதியால் அடிபடுகிறவர்கள் தனியாகவே கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

2024இல் எல்லை மறுவரையறையில் ஸ்மெதிக் என்ற பெயரில் மீண்டும் ஒரு தொகுதி உருவானது. ஜெயித்தவர் தொழிற்கட்சியின் குரிந்தர் சிங் ஜோசன், ஒரு சீக்கியர். அறுபது ஆண்டில் இது சின்ன மாற்றமில்லை, மகிழ்வோம். ஆனால் அந்த மாற்றத்துக்கான வேலை வாக்குச்சாவடியில் மட்டும் நடக்கவில்லை. பட்டறை வாசலிலும் மதுக்கடை வாசலிலும் மார்ஷல் தெருவிலும் நடந்தது.

எனவே அடுத்த முறை முடிவுகள் வரும்போது, வெறுப்பைப் பேசியவர் தோற்றாரா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவருடைய கோரிக்கை இப்போது யாருடைய அறிக்கையில் இருக்கிறது என்று தேடுங்கள். நமக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரின் மன்றத்துக்குள் நாம் நுழைய முடிகிறதா என்றும் பாருங்கள்.