முயல் கூண்டு வந்த வழி

போன வாரம் சென்னையிலிருந்து என் அக்கா மகள் போன் பண்ணினாள்.

"மாமா, தம்பிக்குப் பொறந்தநாள் வருது. முயல் வேணும்னு ஒரே அடம். கடையில கூண்டு கூட பாத்துட்டேன். ரெண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். பால்கனியில கச்சிதமா ஒக்காரும்."

"கண்ணு, கூண்டுக்குக் காசு குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பொறு. நான் ஒண்ணு எழுதி அனுப்புறேன், படிச்சுட்டு முடிவு பண்ணு" என்றேன்.

அவளுக்கு எழுத ஆரம்பிச்சது நீண்டு போச்சு. நகரத்தில் இருக்கிற உங்களில் பல பேர் வீட்டிலும் இதே பேச்சு நடக்கும் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருசம் இருக்கும். எங்க பக்கம் முயல் வளர்ப்பு என்று ஒரே பேச்சு. ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து பத்து முயலை ஒரு யூனிட் என்று விற்றார்கள். ஏழு பெட்டை, மூணு கடுவன். குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம் என்று எழுதியும் கொடுத்தார்கள். கடலை போட்டு நட்டப்பட்டிருந்த நேரம். மனைவி கம்மலை அடகு வைத்து ரெண்டு யூனிட் வாங்கினேன். தகரக் கொட்டகை, கம்பிவலைக் கூண்டு, கீழேயும் கம்பிதான். அப்படித்தான் வைக்கச் சொன்னார்கள்.

ஆறு மாசத்தில் கம்பெனி ஆபீஸில் பூட்டு தொங்கியது. அதுகூடப் பரவாயில்லை. சித்திரை மாசம் ஒரு மத்தியானம், களை வெட்டிட்டு வந்து பார்த்தால் கொட்டகைக்குள் அனல். முயல்கள் காதைத் தொங்கப் போட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்குதுங்க. தண்ணி தெளிச்சுப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் ஒன்பது செத்துப்போச்சு. அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த என் மகள் அன்னிக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

எங்க அப்பா ஒண்ணுதான் சொன்னார். "காட்டு மொசலு வெட்ட வெளியில வெயில்ல கெடக்கும்டா. இது ஏன்டா இப்படி சாவுது?"

அந்தக் கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரிஞ்சது அந்த முயல்களில் ஒன்றினால்தான். கூண்டுக் கம்பி பிஞ்சு ஒரு வெள்ளைப் பெட்டை தப்பி ஓடிப்போச்சு. நாய் தூக்கியிருக்கும் என்று விட்டுவிட்டோம். பத்துப் பதினைஞ்சு நாள் கழித்து, பழைய மாட்டுத் தொழுவத்து மண்சுவர் ஓரம் புதுமண் குவிஞ்சு கிடந்தது. கையை விட்டேன். தோள்பட்டை வரைக்கும் உள்ளே போச்சு. உள்ளே மண் சில்லென்று இருந்தது. விரலுக்குப் பஞ்சு மாதிரி முடி தட்டுப்பட்டது. அதற்குள் உசுரோடு குட்டிகள். தன் வயிற்று முடியையே பிடுங்கி மெத்தை போட்டிருந்தது தாய். கொட்டகையில் நான் கொடுக்காததை அது தானே தோண்டி எடுத்துக்கொண்டது.

அதற்கப்புறம்தான் இந்த மிருகத்தின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம்ம தமிழில் முயல் என்று ஒரு பெயர்தான். ஆனால் மிருகம் ரெண்டு. நம்ம காட்டு முயல், திருக்குறளில் யானையோடு சேர்த்துச் சொல்லப்படும் கான முயல், வளை தோண்டாது. புதரடியில், புல் மறைவில் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான் அதன் வீடு. குட்டி போடும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். கடையில் வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாக விற்கிறார்களே, அது வேறு இனம். அதன் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் இருக்கிற ஐபீரிய தீபகற்பமும் தெற்கு பிரான்சும். மண்ணுக்கடியில் கிளை கிளையாக வளை தோண்டி, கூட்டமாக வாழும். குட்டி பிறக்கும்போது முடி இருக்காது, கண் திறந்திருக்காது. வளைக்குள் இருட்டும் குளிர்ச்சியும் பாதுகாப்பும் இருப்பதால் அப்படிப் பிறந்தாலும் பிழைக்கிறது.

அப்பா கேட்டதற்கு இதுதான் பதில். பெயர் ஒன்று என்பதால் குணமும் ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

இந்த வளை தோண்டுகிற முயலை மனிதன் அடைத்து வைத்த கதை ரோமாபுரி காலத்திலேயே இருக்கிறது. வாரோ என்று ஒரு ரோமானியர், தன் 80 வயதில், கி.மு. 37 வாக்கில் விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பணக்காரர்கள் தோட்டத்தில் முயல் வளர்க்கச் சுவர் எழுப்பிய இடங்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். சுவரைப் பூசி வழவழப்பாக்க வேண்டும், பூனை மாதிரி எதுவும் நுழையக் கூடாது, ஓநாய் தாண்டாத அளவு உயரம் வேண்டும், உள்ளே முயல் ஒளிந்துகொள்ளப் புதரும் புல்லும் வேண்டும் என்கிறார். ஸ்பெயினில் இருந்து வந்த வளை தோண்டும் சாதியைத் தனியாகப் பிரித்தும் சொல்கிறார். 2000 வருசத்துக்கு முந்தைய ஆள், ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்று யோசித்திருக்கிறார். எனக்குக் கூண்டு விற்றவர்கள் யோசிக்கவில்லை.

முயல் கைமீறிப் போன கதையும் அந்தக் காலத்திலேயே உண்டு. ஸ்பெயினுக்குப் பக்கத்துத் தீவுக்காரர்கள், முயல் வெள்ளாமையை அழிக்குது, படையை அனுப்புங்க என்று அகஸ்டஸ் பேரரசரிடமே முறையிட்டதாகப் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்து ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். கி.பி. 600-ல் போப்பாண்டவர், பிறந்த முயல் குட்டி மீன் மாதிரிதான், விரத நாளில் சாப்பிடலாம் என்று சொன்னார், அதனால் மடத்துத் துறவிகள் முயலைப் பழக்கினார்கள் என்று. நானும் ரொம்ப நாள் இதை நம்பி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்து, அப்படி ஒரு உத்தரவே கிடையாது என்று காட்டிவிட்டார்கள். கிரிகோரி என்ற பெயரில் இருந்த இன்னொருவர், தூர் நகரத்து பிஷப், எழுதிய ஒரு சேதியைப் போப் தலையில் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஒரே நாளில் யாரோ ஒருவர் பழக்கிவிடவில்லை. பல நூறு வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்த வேலை அது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இங்கிலாந்துக் கதை. 12-ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் இந்த முயலை அங்கே கொண்டுபோய் வளர்த்தார்கள். குளிரும் ஈரமுமான தேசம். முயலுக்கு வசதியாக நீளநீளமாக மண்மேடு போட்டார்கள். பார்க்கத் தலையணை மாதிரி இருப்பதால் தலையணை மேடு என்றே இப்போது அதற்குப் பெயர். மண் இளக்கமாக இருக்கும், தண்ணி தேங்காது, முயல் லேசாகத் தோண்டிக் குடியேறும். காவலுக்கு ஆள் உண்டு. தெட்ஃபோர்டு என்ற ஊரில் 1400 வாக்கில் கட்டிய காவல் வீடு, கோட்டை மாதிரி கல் கட்டடம், இன்னமும் நிற்கிறது. கறிக்கும் தோலுக்கும்தான் வளர்த்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உசுரோடு இருந்தவரைக்கும் முயல் முயலாக இருந்தது.

பிறகு அது மண்ணை விட்டுப் பெட்டிக்குள் போனது. ஆங்கிலத்தில் முயல் கூண்டை ஹட்ச் என்கிறார்கள். பிரெஞ்சு மூலத்தில் அந்தச் சொல்லுக்குப் பெட்டி என்றுதான் அர்த்தம். இடம் குறைவான ஏழை வீடுகளில் கொல்லையில் ஒரு பெட்டி, சமையல் கழிவும் பிடுங்கின களையும் தீனி, பண்டிகைக்குக் கறி. 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்கு வளர்ப்பவர்கள் சேர்ந்தார்கள். போட்டி வைத்து, நீளக் காது, பட்டைக் கலர் என்று பரிசு கொடுத்தார்கள். முயல் செல்லப்பிராணி ஆகிவிட்டது, ஆனால் பெட்டி மாறவில்லை. ரெண்டு உலகப் போர் சமயத்திலும் கறிப் பஞ்சம் வந்தபோது கொல்லைக்குக் கொல்லை அதே பெட்டிதான். நாலைந்து மாசத்தில் கறியாகப் போகிற முயலுக்குச் செய்த பெட்டி அது. பத்து வருசம் வாழப்போகிற செல்ல முயலை அதற்குள் வைக்கிறோம். கடைக் கூண்டு அந்தப் பெட்டியின் பேரன்தான்.

பெட்டியை விட்டு வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா இருக்கிறது. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டையாட ஆசைப்பட்டு இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்துத் தன் பண்ணையில் விட்டார். இருபத்துச் சொச்சம் முயல்தான். ஐம்பது வருசத்துக்குள் கண்டத்தையே பிடித்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901-லிருந்து 1907 வரை 3000 கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டும் முழுசாக அடங்கவில்லை. அதனால், வளர்க்க முடியலைன்னா பூங்காவிலோ தோப்பிலோ விட்டுடலாம் என்று மட்டும் நினைக்காதீங்க. நம்ம ஊரில் நாய் விடாது, அது வேறு பாவம்.

அடைத்து வைத்த பிராணிக்கு என்ன உரிமை என்ற கேள்வி பெரிதாக எழுந்தது 1960-களில். 1964-ல் ரூத் ஹாரிசன் என்ற அம்மா, தொழிற்சாலை மாதிரி நடக்கும் பண்ணைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்து அரசு ஒரு குழு போட்டது. 1965-ல் அந்தக் குழு சொன்னது எளிய விஷயம்: பிராணி எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய, கைகால் நீட்ட இடம் வேண்டும்.

அதற்கு முன்னாடியே நம்ம நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் இருந்தபோது விடாமல் பேசிப் பேசி, 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிராணி நடமாடப் போதுமான நீளம், அகலம், உயரம் இல்லாத கூண்டில் அடைப்பது குற்றம் என்று அதன் 11-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதைப் படித்த அன்று என் தகரக் கொட்டகைதான் கண்முன் வந்தது. நான் செய்தது முட்டாள்தனம் மட்டும் இல்லை.

இப்போது எங்க வீட்டில் நாலு முயல் இருக்கு, விற்க இல்லை. வேப்பமரத்தடியில் பன்னிரண்டடிக்கு எட்டடி இடம். சுற்றிலும் ரெண்டடி ஆழத்துக்குப் பலகைக்கல் இறக்கியிருக்கேன், தோண்டி வெளியே போகாமல் இருக்கவும் கீரி உள்ளே வராமல் இருக்கவும். நடுவில் மண்மேடு, இங்கிலாந்துக்காரன் போட்ட மாதிரி. அடி உடைஞ்ச பானைகளைப் படுக்கவைத்துப் புதைத்திருக்கேன். மேலே கம்பிவலை, கீற்று. கோடையில் பானை மேல் ஈரச்சாக்கு. அதற்கப்புறம் ஒரு முயலைக்கூட வெயிலுக்குக் கொடுக்கவில்லை.

மாடி வீட்டுக்கு என்ன வழி என்று கேட்பீங்க. இங்கிலாந்தில் முயல் நலச் சங்கத்தார் சொல்லும் குறைந்த அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். அதாவது ஒரு சின்ன அறை. ரெண்டு முயல் எப்பவும் அந்த இடத்தில் ஓடலாம். கூண்டு படுக்கறதுக்கு மட்டும் இருக்கட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். தரையில் கம்பி வேண்டாம், பாதம் புண்ணாகும். ஒளிய ஒரு பெட்டி, தோண்ட ஒரு தொட்டி நிறைய மண் வையுங்க. கரண்டு ஒயரை ஒளிச்சு வைங்க, பல் சும்மா இருக்காது. அந்தப் பல் சாகும்வரை வளரும். அதனால் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்கணும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல் எது கிடைச்சாலும் சரி. கேரட் படத்தில் பார்க்கத்தான், எப்போதாவது ஒரு துண்டு போதும். தன் புழுக்கையைத் தானே தின்னால் அடிக்காதீங்க, அதன் செரிமானமே அப்படித்தான்.

30 டிகிரிக்கு மேல் போனால் அதற்கு ஆபத்து. சென்னை பால்கனி மே மாசத்தில் எவ்வளவு காயும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு வேர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒண்டியாகவும் வளர்க்காதீங்க, அது கூட்டத்து உசுரு. ஆனால் கருத்தடை பண்ணாமல் ஆணும் பெண்ணும் சேர்த்தால் மாசம் ஒரு ஈத்து, ஞாபகம் இருக்கட்டும். தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிசம்தான் பால் கொடுக்கும். தாய் கைவிட்டுடுச்சு என்று பயந்து குட்டியை எடுத்துடாதீங்க.

யாராவது காட்டு முயல் குட்டி கொண்டுவந்து விற்றால் வாங்காதீங்க. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதோடு அது கூண்டில் பிழைக்காது.

இதையெல்லாம் எழுதி அக்கா மகளுக்கு அனுப்பினேன். நேற்று ராத்திரி போன் வந்தது.

"மாமா, ஒரு அறையை விடுற அளவுக்கு எங்க வீட்டுல இடம் இல்ல. பால்கனி மேற்குப் பாத்தது. அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அழுவான்."

"ஒரு நாள் அழட்டும் கண்ணு. லீவுக்குக் கூட்டிட்டு வா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேப்பமரத்தடியில ஒக்காந்தான்னா, ஒவ்வொண்ணா பானைக்குள்ள இருந்து வெளிய வரும். சந்தோசம் வந்தா அந்தரத்துல ஒரு குதி குதிச்சு உடம்பைத் திருப்பும் பாரு, ரெண்டடிக் கூண்டுல அது நடக்கவே நடக்காது."

பானை இன்னும் ரெண்டு கேட்டிருக்கேன் குயவர் வீட்டில். பையன் வருவதற்குள் புதைத்து வைக்கணும்.