சானடோரியத்து ஜன்னல்கள்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே எட்டுப் பேர் எழுதிவிட்டார்கள்" என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னார். மெஸ் சாம்பாரை விட்டால் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது காற்று ஒன்றுதான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஆஸ்பத்திரிகளுக்கு ஏ.சி.யும் காற்றோட்டமும் வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஆகவே காற்றில் பரவும் ஒரு நோயின் சரித்திரத்தையும், அது இன்னொரு நோயோடு ஜோடி சேர்ந்த கதையையும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்ட நண்பர்கள் வீட்டில் காட்டிப் பிழை திருத்திக்கொள்ளலாம்!

பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் கடைசிக்கு முந்தின ஸ்டேஷன், தாம்பரம் சானடோரியம். நம்மில் பலர் மெப்ஸ் கம்பெனிகளில் வேலை பார்த்தபோது தினமும் அங்கேதான் இறங்கி ஏறியிருப்போம். சானடோரியம் என்றால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. அது ஒரு டி.பி. ஆஸ்பத்திரியின் பெயர். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் தொடங்கியது. அவர் சாதாரண ஆளில்லை. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். 1917-ல் கணித மேதை ராமானுஜன் உடம்பு சரியில்லாமல் போய்ப் படுத்தது இவரிடம்தான். (ராமானுஜனுக்கு வந்தது டி.பி.யே இல்லை, அமீபாவால் வந்த கல்லீரல் நோய் என்று பிற்காலத்தில் ஒரு வாதம் உண்டு. அது வேறு கதை.)

அந்தக் காலத்தில் டி.பி.க்கு மருந்து கிடையாது. கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் வந்தது. இடையில் அறுபது வருஷம் நோயாளிக்குக் கொடுக்க முடிந்தது ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று, அவ்வளவுதான். அதனால்தான் சானடோரியங்களை ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, நீண்ட வராந்தாவும் உயர்ந்த கூரையும் பெரிய பெரிய ஜன்னல்களுமாகக் கட்டினார்கள்.

பிறகு மருந்துகள் வந்தன. 1952-ல் ஐசோனியாசிட் வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது: மாத்திரையே போதும் என்றால், நோயாளியை மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் வைப்பானேன்? இதற்கு உலகத்துக்கே விடை சொன்னது நம் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய டி.பி. சிகிச்சை ஆராய்ச்சி மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரின் தலைமையில், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி தன் சொந்த வீட்டுக்கு. வீடு என்றால் பங்களா இல்லை, ஒற்றை அறையில் ஆறேழு பேர் படுக்கிற வீடு. 1959-ல் முடிவு வெளியானது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் வீட்டில் இருந்தவரும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூட ஆரம்பித்தன. இனி எதற்கு ஜன்னலும் வராந்தாவும்?

அந்த நினைப்பைக் கெடுத்தது இரண்டாவது நோய். 1981 ஜூனில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா வந்ததாக ஒரு சின்ன அறிக்கை வெளியானது. ஒவ்வொருவர் உடம்பிலும் அந்த நிமோனியா மட்டுமல்ல, வேறு கிருமிகளும் சேர்ந்து இருந்தன. நன்றாக இருக்கும் மனிதனை ஒன்றும் செய்யாத கிருமிகள் இவர்களைக் கொன்றுகொண்டிருந்தன. 1983-ல் பாரிஸில் காரணம் தெரிந்தது, அதைத்தான் எச்.ஐ.வி. என்கிறோம்.

"நம்ம ஊர்ல இதெல்லாம் வராதுங்க" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் தன் மாணவி நிர்மலாவிடம், நீ தேடிப் பார் என்றார். அந்த அம்மாள் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வைக்க இடமில்லாமல் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் வைரஸ் இருந்தது. இந்தியாவில் முதலில் தெரியவந்த எச்.ஐ.வி. அதுதான்.

இந்த இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? எஞ்சினியர் பாஷையில் சொல்கிறேன். டி.பி. கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. கிருமி சாகாது, உள்ளேயே தூங்கும். இப்படி அடைபட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். அந்தச் சுவருக்கு மேஸ்திரி, சி.டி.4 என்கிற வெள்ளை அணு. எச்.ஐ.வி. குறி வைப்பது சரியாக அந்த மேஸ்திரியை! சுவர் சரிகிறது. வாழ்நாள் முழுவதற்கும் இருந்த ஆபத்து, மருந்து சாப்பிடாத எச்.ஐ.வி. நோயாளிக்கு ஒவ்வொரு வருஷமும் வருகிறது. டி.பி. பதிலுக்குச் சும்மா இருப்பதில்லை. அது வெள்ளை அணுக்களை உசுப்பிவிட, அவற்றுக்குள் எச்.ஐ.வி. இன்னும் வேகமாகப் பெருகுகிறது.

இதைவிட மோசம், நோயைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும். நுரையீரலில் டி.பி. குழி பறிப்பதே உடம்பு எதிர்த்துச் சண்டை போடுவதால்தான். சண்டையே இல்லாத உடம்பில் எக்ஸ்ரே சில சமயம் சுத்தமாக இருக்கும், சளியில் கிருமி தெரியாது, தோலில் போடும் டெஸ்ட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லும். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போவார்.

என் சித்தப்பா அப்படித்தான் இளைத்தார். நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா லாரி டிரைவர். இருமல் என்று மாத்திரை சாப்பிட்டார், கொஞ்சம் தேறினார், மறுபடி படுத்தார். 2001-ல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்த அன்று ராத்திரியே "பெட் இல்லை, கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்கள். வீட்டில் பாட்டி அவருக்கென்று தனித் தட்டும் டம்ளரும் திண்ணையில் வைத்தார். என்ன வேடிக்கை பாருங்கள், தட்டிலும் டம்ளரிலும் இரண்டு நோயுமே பரவாது. பரவக்கூடியது காற்றில்; அந்தக் காற்றை நாங்கள் ஜன்னல் சாத்திய அறையில் அவரோடு பகிர்ந்துகொண்டுதான் இருந்தோம்.

யார் சொல்லியோ அப்பா அவரைத் தாம்பரத்துக்குக் கொண்டுபோனார். வேறெங்கும் சேர்க்காத எச்.ஐ.வி. நோயாளிகளை அந்த டி.பி. ஆஸ்பத்திரி 1993 முதல் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆந்திராவிலிருந்தெல்லாம் வந்து படுத்திருந்தார்கள். அரையாண்டுப் பரீட்சை லீவில் நானும் போனேன், எட்டாம் வகுப்பு. உயரமான கூரை, வரிசையாக ஜன்னல்கள், மார்கழிக் குளிர். சித்தப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஜன்னலைச் சாத்தினா நர்ஸம்மா வந்து திறந்து விட்டுட்டுப் போகுதுடா, குளிர்ல சாகடிக்கிறாங்க" என்றார். எனக்கும் அந்த நர்ஸ் மேல் கோபம். பொங்கலுக்கு இரண்டு வாரம் கழித்துச் சித்தப்பா இறந்துபோனார். வீட்டில் "டி.பி." என்று மட்டும் சொன்னார்கள். மற்றது எனக்குத் தெரிந்தது நான் ஃபைனல் இயர் படிக்கும்போது.

2001-லேயே இந்தியக் கம்பெனியான சிப்லா, எச்.ஐ.வி. கூட்டு மருந்தை நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. ஆனால் அந்த விலையும் எங்கள் வீட்டுக்கு எட்டாத விலைதான். அரசு இலவசமாகத் தர ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ல். முதலில் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் ஒன்று. இரண்டேகால் வருஷ வித்தியாசம்.

மருந்து வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. டி.பி.க்கான ரிஃபாம்பிசின், சில எச்.ஐ.வி. மருந்துகளை ரத்தத்தில் நிற்கவிடாமல் கல்லீரல் வழியாக விரட்டிவிடும். எச்.ஐ.வி. மருந்தால் எதிர்ப்புச் சக்தி திடீரென்று எழுந்தால், தூங்கிக் கிடந்த சண்டை ஒரேயடியாக மூண்டு காய்ச்சலும் வீக்கமும் வரும். அதனால் முதலில் டி.பி.யை முடிப்போம், பிறகு மற்றது என்று டாக்டர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்ததிலேயே ஆட்கள் போனார்கள். கம்போடியாவில் 661 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011-ல் இதற்கு முடிவு கட்டியது. டி.பி. மருந்து தொடங்கி இரண்டாவது வாரமே எச்.ஐ.வி. மருந்தையும் கொடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் இறந்தார்கள். எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 27 சதவீதம். மறுபடியும் சேத்துப்பட்டு மையம் ஒரு விடை சொன்னது. வாரம் மூன்று நாள் மட்டும் டி.பி. மாத்திரை என்ற அப்போதைய முறை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் போதாது, தினமும் கொடுத்தால்தான் நன்றாகக் குணமாகிறது, மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாவதில்லை என்று தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வை 2018-ல் வெளியிட்டது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் டுகேலா ஃபெர்ரி என்றொரு கிராமப்புற ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. மருந்து நன்றாகக் கொடுத்துவந்த இடம்தான். அங்கே 2005, 2006-ல் எந்த முக்கிய மருந்துக்கும் அடங்காத டி.பி. 53 பேருக்கு வந்தது. 52 பேர் இறந்துவிட்டார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாள்கூடத் தாங்கவில்லை. எச்.ஐ.வி. சோதித்த 44 பேருக்கும் அது இருந்தது. பெரும்பாலானவர்கள் சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள். கிருமிகளும் ஒரே சாதி. அதாவது குணமாக வந்த இடத்திலேயே, பக்கத்துப் படுக்கையிலிருந்து காற்று வழியாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

டி.பி. காற்றில்தான் போகிறது என்று 1950-களின் கடைசியில் பால்டிமோரில் வெல்ஸ், ரைலி என்ற இருவர் நிரூபித்திருந்தார்கள். டி.பி. வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடியில் இருந்த கினிப் பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். பன்றிகளுக்கு நோய் வந்தது. டக்ட் போட்ட எஞ்சினியர் யாரோ, அவருக்கு என் வணக்கம். 2007-ல் பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு ஆஸ்பத்திரிகளில் 70 அறைகளை அளந்தார்கள். அறையில் கார்பன் டை ஆக்சைடை விட்டு அது எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பார்ப்பது முறை. மெஷின் வைத்த அறைக்கு நிர்ணயித்த அளவு, மணிக்கு 12 தடவை காற்று மாறுவது. சும்மா ஜன்னலும் கதவும் திறந்த அறைகளில் 28 தடவை! அதிலும் ஐம்பது வருஷத்துக்கு முந்தின, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட கட்டடங்களில் 40, புதுக் கட்டடங்களில் 17.

அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நர்ஸம்மா ஞாபகம் வந்தது. சித்தப்பாவைக் குளிரில் வாட்டவில்லை அவர். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குச் சித்தப்பா வாங்கிக் கொடுத்துவிடாமலும், அவரிடமிருந்து சித்தப்பா வாங்கிக்கொள்ளாமலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. காற்று நின்றுபோனால் ஜன்னல் என்ன செய்யும்? ஆனால் நான் பார்க்கிற பல சின்ன ஆஸ்பத்திரிகளில் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு அடைத்து, ஒரு ஸ்ப்ளிட் ஏ.சி.யை மாட்டிவிட்டு, காற்றோட்டம் ஆச்சு என்கிறார்கள். ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. ஃபிரஷ் ஏர் டக்டைக் கொட்டேஷனில் போட்டால் முதலில் அடிபடுவது அந்த வரிதான். டயாலிசிஸ் நோயாளி, சர்க்கரைக்காரர், கேன்சர் மருந்து ஏற்றுகிறவர், எச்.ஐ.வி. உள்ளவர் எல்லாரும் உட்காருகிற வெயிட்டிங் ஹாலுக்கும் இதே கதி.

ரீயூனியன் இரண்டாம் நாள் காலை என் கார்பன் டை ஆக்சைடு மீட்டரைக் கொண்டுவருகிறேன். திறந்த வெளியில் நானூற்றுச் சொச்சம் காட்டும். ஹாஸ்டல் சிக் ரூமில் கதவைச் சாத்தி நாலு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிடலாம். கூட வர விருப்பமுள்ள தம்பி தங்கைகள் ஏழு மணிக்கு மெக்கானிக்கல் பிளாக் படிக்கட்டில் நிற்கவும். வார்டன் சாரிடம் சாவி கேட்டுவிட்டேன்.