சாய்ந்த மரமும் சாயாத வேரும்

கமுந்திங்கை அடுத்துள்ள தைப்பிங் நகரின் ஏரிப்பூங்கா, ஈயம் எடுத்துக் கைவிடப்பட்ட சுரங்க நிலத்தில் 1880-களில் எழுந்தது. அதன் சாலையோரத்தே நூறாண்டு கடந்த தூங்குமூஞ்சி மரங்கள், சாலையைக் கடந்து ஏரி நீரைத் தொடுமாறு கிளை தாழ்த்தி நிற்கின்றன. இம்மரம் அமெரிக்க வெப்பநாடுகளுக்கு உரியது. 1876-இல் சிங்கப்பூருக்கு வந்து, நிழல் கருதி மலாயா எங்கும் நடப்பெற்றது.

இவற்றைக் காண்போர், விழுந்துவிடுமோ என அஞ்சுவர். ஆயின் சாய்வு வேறு, வீழ்ச்சி வேறு. ஒளியை நாடி இளமை முதலே சாய்ந்து வளரும் இத்தகைய மரம், சாய்வின் மேற்புறத்தில் இழுவிசை தாங்கும் கட்டையை ஆக்கிக்கொள்ளும். வேரும் அதற்கேற்ப வலுப்பெறும். அஞ்சத்தக்கது புதிதாய்த் தோன்றிய சாய்வே. சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் வெடித்தலும் வேர் மேலெழும்புதலும், அடியில் காளான் முளைத்தலும் அபாயக் குறிகளாம்.

வேர் என்றதும் ஆணிவேரையே நினைப்பது வழக்கம். எனினும், முதிர்ந்த பெருமரங்களைத் தாங்குவன பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் அகலப் பரவும் பக்கவேர்களே. வடிகாலுக்கும் சாலைக்கும் அவற்றை வெட்டிவிட்டால், இலை வாடாத மரமும் ஒருநாள் மழைக்காற்றில் வீழும். தைப்பிங்கோ மழைக்குப் பெயர்பெற்ற ஊர். நீர் ஊறிய மண்ணின் பிடி தளரும்.

தண்டின் உட்பொள்ளலை ஒலியலையால் அறியவும், கயிற்றால் அளவாக இழுத்து அடிமரத்தின் அசைவை அளக்கவும் இன்று கருவிகள் உள. சாய்வை மட்டும் கண்டு கோடரி எடுப்பதும், வேரை மறந்து மண்வெட்டி எடுப்பதும் ஒருபடித்தான பிழைகளே. முன்னோர் சுரங்க மண்ணில் நட்ட நிழலைக் காப்பது, வேரடி மண்ணைக் காப்பதேயாம்.