முக்காலி, பாய், பந்தி

வீட்டு அலங்கார ரீல்ஸ் பார்க்கிறவர்களுக்கு அந்த ஸ்டூலைத் தெரிந்திருக்கும். முழங்கால் உயரம், மூன்று கால், வட்டப் பலகை. காலையில் அதன் மேல் காபி டம்ளர், மத்தியானம் பூந்தொட்டி, யாராவது வந்தால் உட்காரவும் ஆகும். பக்கத்தில் கோடு போட்ட நெசவு விரிப்பு. 'எங்க வேணும்னாலும் போடலாம், எதுக்கு வேணும்னாலும் வச்சுக்கலாம்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டுமே புதுசு கிடையாது. முக்காலி, ஜமுக்காளம். ஆனால் 'எங்க வேணும்னாலும்' என்பது அங்கே புதுசு.

முக்காலிக்கு ஏன் மூணு கால்? சாணி மெழுகிய மண்தரை ஒருநாளும் சமமாக இருக்காது. நாலு கால் வைத்தால் ஏதாவது ஒன்று அந்தரத்தில் நின்று ஆடும். மூணு கால் எந்த மேடுபள்ளத்திலும் பதிந்து நின்றுவிடும். ஒரே வம்பு, கால் இல்லாத பக்கமாக ஓரத்தில் உட்கார்ந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையில் வீட்டுக்கு வந்த சப்-ஜட்ஜ் அப்படித்தான் முக்காலியிலிருந்து விழுகிறார். அதற்கப்புறம்தான் அந்த வீட்டுக்கு நாற்காலி செய்யும் யோசனையே வருகிறது. பிறகு அந்த நாற்காலி பட்ட பாட்டை நீங்களே படிச்சுக்கோங்க. கி.ரா.வின் இடைசெவலும் சங்கரன்கோவில் வட்டாரமும் ஒரே கரிசல் சீமைதான். அந்தச் சீமையில் ஒரு ஊருக்கே நாற்காலி அதிசயமாக இருந்த காலம் ரொம்பப் பழசு இல்லை. அதுவும் ஒரு அதிகாரியை உட்கார வைக்க வேண்டியிருந்ததால்தான் அது வீட்டுக்குள் வருகிறது.

உட்காரும் பொருளுக்கு எப்போதும் ஒரு ஆள் இருந்தார். வீட்டுப் பெரியவருக்குத் திண்ணை. சாப்பிட உட்காரும் ஆண்களுக்கு மணைப்பலகை, பரிமாறுகிற பெண்ணுக்குப் பிறகு அடுப்படியில் வெறும் தரை. வீட்டுக்குத் தூரமான நாட்களில் அவளுக்குத் தனிப் பாய், தனி மூலை. அந்தப் பாயை வேறு யாரும் தொட மாட்டார்கள். வாசலுக்கு வெளியே கணக்கு இன்னும் கறாராக இருந்தது. வந்தவர் யார் என்று பார்த்து நாற்காலி, இல்லாவிட்டால் பாய், இல்லாவிட்டால் ஓலைத் தடுக்கோ சாக்கோ. சிலருக்கு நிற்பது மட்டும்தான். 'உட்காருங்க' என்ற ஒரு சொல்லைக் கேட்காமலே ஆயுள் முழுக்க அந்தத் திண்ணைகளைக் கடந்துபோனவர்கள் உண்டு.

திருநெல்வேலிச் சீமையின் பெயர்பெற்ற விரிப்பு பத்தமடைப் பாய். ஆற்றோரத்துக் கோரையை வெட்டி, உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியை நீக்கி, மெல்லிய நாராகக் கிழித்துக் காயவைப்பார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்வார்கள். முதல்தரப் பாய் துணி மாதிரி மடியும். கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரும் தேதியும் நெசவிலேயே இருக்கும். 1953இல் இரண்டாம் எலிசபெத் முடிசூட்டு விழாவுக்குத் தங்கள் பாய் போன கதையை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பங்கள், அதிலும் பெண்கள். அந்தப் பாய் இந்து வீட்டுக் கல்யாணச் சீரிலும் போகும். பாயில் யார் கை பட்டது என்று யாரும் கேட்பதில்லை. பாயில் யார் உட்கார்ந்தது என்பதில்தான் தகராறு.

அந்தத் தகராறு வெடித்ததும் பத்தமடைக்குப் பக்கத்து ஊரில்தான். வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். தேசியக் கல்விக்கான இடம். தமிழ்நாடு காங்கிரஸ் அதற்கு 10,000 ரூபாய் ஒதுக்கி, 5,000 கொடுத்தும்விட்டது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை, விவகாரம் காந்தி வரைக்கும் போனது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போன இடத்தில் ஐயர் இறந்துபோனார். அதே வருஷம் நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புரிமைத் தீர்மானம் எடுபடாமல் போனதும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலைத் திருப்பிய காரணங்களில் ஒன்று, பிள்ளைகள் ஒரே வரிசையில் இலை போட்டு உட்காரலாமா என்ற கேள்வி. ரெண்டு பேர்தானே என்று அன்றைக்கும் கேட்டார்கள். என்னைக் கேட்டால், ரெண்டு பேராக இருந்ததால்தான் அது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது.

பந்தி என்றால் ஜமுக்காளம். பந்தி ஜமுக்காளம் என்று நீளவாக்கில், அகலம் குறைவாக, வரிசையாக ஆட்கள் உட்காரவே நெய்வார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று பட்டைப் பட்டையாகக் கோடு ஓடும். அதற்குப் பெயர்போன ஊர் ஈரோட்டுப் பக்கத்துப் பவானி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மில் துணி வந்து மெல்லிய துணிக்கான சந்தையைப் பிடித்துக்கொண்டது. பவானியின் ஜங்கமர் சமூக நெசவாளர்கள் முரட்டு நூலில் சாயம் ஏற்றிக் கனமான விரிப்பாக நெய்யத் தொடங்கினார்கள். பிழைக்க ஒரு வழியாக அது அமைந்தது. குழித்தறியில் நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டுத் தரை மட்டத்தில்தான் உட்கார வேண்டும். அகலமான ஜமுக்காளத்துக்கு ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2020 அக்டோபரில் பரவிய ஒரு புகைப்படத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், ஒரு தலித் பெண், தரையில் உட்கார்ந்திருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அது பிளாஸ்டிக் நாற்காலி, விலை சில நூறு ரூபாய் இருக்கும்.

ஆகவே ஒரு முக்காலியை ஜன்னல் ஓரம் தூக்கிப்போட்டு, ஜமுக்காளத்தைச் சோபாவுக்கு முன்னால் விரித்து, வருகிற சிநேகிதர் எல்லாரையும் 'எங்க வேணும்னாலும் உக்காருப்பா' என்று சொல்ல முடிகிற வீடு சின்ன விஷயம் இல்லை. நம் தாத்தாக்கள் பலருடைய வீட்டில் அது நடந்திருக்காது. அலங்காரத்தை நக்கல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். பத்தமடைப் பாய்க்கும் பவானி ஜமுக்காளத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமுக்காளம் கைத்தறிக்கு மட்டுமே உரியது, விசைத்தறியில் நெய்யக் கூடாது. ஆனாலும் விசைத்தறி விரிப்புகள் அதே கோடுகளோடு பாதி விலைக்கு வந்து நிற்கின்றன என்று பவானி நெசவாளர்கள் பல வருஷமாகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடையில் இதைக் கேட்டால் பெரும்பாலும் சிரிப்பார்கள். கேளுங்க.