சர்க்கரை என்னும் பெயர்

சர்க்கரைப் பொங்கலுக்கு இடுவது வெல்லம். பெயரில் தவறில்லை; சர்க்கரை என்ற சொல்லின் பழைய பொருள் அங்கே தங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலிப் பக்கமும் இன்றும் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் வெல்ல இனம்தான்.

வடமொழியில் ‘சர்க்கரா’ என்பது சரளை, பருக்கைக்கல். காய்ச்சிய கரும்புப் பாகை இறக்கித் துழாவத் துழாவ, இழுபட்ட பாகு இறுகி, நறநறவென்று மணலாக உதிரும். அந்த உதிரிப் பதத்துக்கு வந்த பெயர் இது, இனிப்புக்கு வந்ததன்று. பாரசீகத்தில் ஷக்கர், அரபியில் சுக்கர், ஆங்கிலத்தில் சுகர் என்று அது ஊர் சுற்றியது. மலையாளக் கரையில் போர்ச்சுக்கீசியர் கேட்ட ‘சக்கரை’யோ ஜாகரி ஆயிற்று. சீனி என்ற பெயர் சீனத்தைச் சுட்டுகிறது. வெள்ளைச் சர்க்கரைக்கு வழங்கும் இன்னொரு பெயரான அஸ்கா, கஞ்சம் மாவட்டத்து ஆலை ஊர். 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது.

‘குளுக்கோஸ்’ என்ற பெயர் 1838இல் பிரான்சில் பிறந்தது. இனிப்பான திராட்சை ரசத்தைக் குறித்த கிரேக்கச் சொல் அதன் வேர். நாம் காபியில் போடும் சர்க்கரை, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த சுக்ரோஸ். சிறுகுடல் அந்தப் பிணைப்பை அறுக்கிறது. குளுக்கோஸ் ரத்தத்தோடு உடலெங்கும் போகிறது. ஃப்ரக்டோஸின் பெரும்பங்கைக் கல்லீரல் கையாள்கிறது. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி இதே சுக்ரோஸ்தான். தேனில் இரண்டும் ஏற்கெனவே பிரிந்தே கிடக்கின்றன. ‘நாட்டு’ என்ற முன்னொட்டை நம்பி, சர்க்கரை நோயுள்ளவர்கள் அந்தச் சர்க்கரை போட்ட காபியை டம்ளர் டம்ளராகக் குடிப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. வெறும் வயிற்றில், நலமான ஒருவரின் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம், ஒரு தேக்கரண்டி. அந்த அளவைக் காக்கத்தான் கணையம் ஓயாமல் உழைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சர்க்கரைக்கு வரம்பு சொன்னபோது தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தே கணக்கிட்டது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராமுக்குள். முழுப் பழத்தை அதில் சேர்க்கவில்லை. நாரோடு மென்று தின்னும்போது அதன் இனிப்பு மெதுவாகவே ரத்தத்தில் இறங்கும்.

ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு வியர்த்துக் கை நடுங்கி, ரத்தச் சர்க்கரை தாழும்போது அந்த மெதுவு உதவாது. நினைவோடு விழுங்க முடிகிறவரானால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.