நெட்வொர்க் வருவதற்கு முன்பே நெட்வொர்க்கை வடிவமைத்தவர்கள்

ஆளுக்கொரு ஊரில் இருந்து வேலை பார்க்கும் டீமுக்கு டிசைன் வொர்க்‌ஷாப் நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் பழக்கம். திரை முழுக்க மஞ்சளும் பச்சையுமாய்ச் சீட்டுகள். சீனியர் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். "யாருக்காச்சும் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் சத்தமே இருக்காது. உடனே சாஃப்ட்வேர் சரியில்லை என்று முடிவு கட்டி வேறொன்றுக்கு மாறுவோம்.

இந்த மாதிரி சாஃப்ட்வேர் எதுவுமே இல்லாத காலத்தில், தொலைவில் இருந்தபடி சேர்ந்து வடிவமைத்த ஒரு குழு உண்டு. இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டுக்கு விதிகள் எழுதியவர்கள். அவர்கள் கையில் இருந்தவை தபால், தொலைபேசி, விமான டிக்கெட். அவ்வளவுதான்.

கதை 1968 கோடையில் தொடங்குகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா நிறுவனம் முதலில் நான்கு இடங்களை இணைக்கத் திட்டமிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் சிக்மா 7, ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்டிஎஸ் 940, சான்டா பார்பராவில் ஐபிஎம் 360/75, யூட்டாவில் பிடிபி-10. நான்கும் நான்கு ஜாதி கம்ப்யூட்டர்கள். இவற்றுக்கு நடுவே தகவலைச் சுமந்து போகும் ஐஎம்பி என்ற சிறிய கம்ப்யூட்டர்களைச் செய்து தரும் ஒப்பந்தம், நாட்டின் மறுகோடியில் இருந்த பிபிஎன் கம்பெனிக்குப் போனது. சரி, சாலை போட ஆள் கிடைத்தாச்சு. அந்தச் சாலையில் போகிற கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று என்ன பேசும், எப்படிப் பேசும்? அதை யாரும் முடிவு பண்ணவில்லை.

அந்தக் கேள்வி ஸ்டீவ் க்ராக்கர், வின்ட் செர்ஃப், ஜெஃப் ரூலிஃப்சன், ஸ்டீவ் கார் போன்ற சில இளைஞர்கள் தலையில் விழுந்தது. பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். ஒருவர் இடத்துக்கு மற்றவர் போய்ப் பேசினார்கள். அதிகாரம் என்று எதுவும் இல்லை. என்றாவது ஒருநாள் விஷயம் தெரிந்த பெரியவர்கள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்வார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்ததாக க்ராக்கர் பின்னால் எழுதியிருக்கிறார். அப்படி யாரும் வரவில்லை.

1969 மார்ச்சில் யூட்டாவில் கூடியபோது, பேசியதையெல்லாம் இனி எழுதி வைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். எழுதும் வேலையில் இறங்கிய க்ராக்கருக்குத் தூக்கம் வரவில்லை. "மாணவப் பசங்க என்ன விதி எழுதுறது?" என்று யாராவது கோபித்துக்கொண்டால்? தங்கியிருந்த வீட்டில் நண்பர்கள் தூங்கிக்கொண்டிருந்ததால், ராத்திரியில் குளியலறையில் உட்கார்ந்து எழுதினார். யார் மனமும் நோகாதபடி ஒரு பணிவான தலைப்பு தேடி, 'ரிக்வெஸ்ட் ஃபார் காமென்ட்ஸ்' என்று பெயர் வைத்தார். கருத்துச் சொல்லுங்க என்ற வேண்டுகோள். சுருக்கமாக ஆர்எஃப்சி. முதல் குறிப்பின் தேதி 1969 ஏப்ரல் 7.

எனக்கு முதல் குறிப்பைவிட மூன்றாவது குறிப்புதான் முக்கியமாகப் படுகிறது. அது குறிப்பு எழுதுவது எப்படி என்று சொல்லும் குறிப்பு. எந்த இடத்திலிருந்தும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். மெருகேற்றிக்கொண்டு இருக்காமல் சீக்கிரம் அனுப்பினால் போதும். விளக்கம் இல்லாத யோசனையும் சரி, பதில் தெரியாத கேள்வியும் சரி. குறைந்தபட்ச நீளம் ஒரே ஒரு வாக்கியம்!

இதற்கான காரணத்தையும் க்ராக்கர் அங்கேயே சொல்லிவிடுகிறார். எழுத்தில் வந்துவிட்டாலே அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அரைகுறையானதை வெளியே காட்டக் கூச்சமும் உண்டு. இரண்டையும் உடைக்கத்தான் இந்த ஏற்பாடு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே அறையில் இருந்தால் "சும்மா ஒரு யோசனைதாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். தபாலில் அந்தச் சிரிப்பு போகாது. சிரிப்பு செய்ய வேண்டிய வேலையை அந்தத் தலைப்பு செய்தது.

அதற்காக எல்லாம் இஷ்டப்படி நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு குறிப்பிலும் பெயர், இடம், தேதி, தலைப்பு, வரிசை எண் கட்டாயம். வரிசை எண் கொடுப்பது ஸ்டான்ஃபோர்ட் நிலையத்தில் இருந்த பில் டுவால் என்ற ஒரே ஆள். ஒரு இடத்துக்கு ஒரு பிரதி அனுப்பப்படும். கூடுதலாக வேண்டுமானால் அங்கேயே நகலெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே எழுதுவதில் முழுச் சுதந்திரம், மேலட்டையில் கறார்.

இந்த முறைக்குப் பரீட்சை 1969 டிசம்பரில் வந்தது. அதுவரை யோசித்து வைத்திருந்த வடிவத்தை ஆர்பாவின் லாரி ராபர்ட்ஸ் முன் வைத்தார்கள். இது போதாது என்று அவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். குழு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதில் உருவானதுதான் என்சிபி என்ற நெறிமுறை. எதுவும் அதிகாரபூர்வம் ஆகாமல் இருந்ததால், கிழித்துப் போட்டதில் யாருக்கும் மானம் போகவில்லை. இது என் வாசிப்பு.

சரி, எல்லாமே தபாலில் முடிந்ததா? இல்லை. பயணத்தை மிச்சப்படுத்தப்போகிற நெட்வொர்க்கைக் கட்ட ஊர் ஊராக அலைந்தார்கள். 1971 அக்டோபரில் எம்ஐடியில் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஆட்கள் வந்து, மற்ற எல்லா இடத்துக் கம்ப்யூட்டர்களிலும் நுழைந்து பார்த்தார்கள். ஒரு இடத்துக் கம்ப்யூட்டர் முழுசாகப் படுத்துவிட்டது. அதை விட்டால் அட்டவணையில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டமும் நிரம்பியது. இரண்டரை வருஷமாகக் காகிதத்தில் பேசியது ஓடுகிறதா என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கவே அந்த நேரம் செலவானது.

இதை ரொம்பப் புகழவும் வேண்டாம். 'யார் வேண்டுமானாலும்' என்றால் ஆர்பா பணம் போன சில ஆய்வுக்கூடங்களில் இருந்த யாரும் என்றுதான் அர்த்தம். இன்று ஆர்எஃப்சிக்களின் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டிவிட்டது. ஒரு நெறிமுறை அந்த வரிசையில் இடம்பிடிக்கப் பல கட்டப் பரிசீலனையைக் கடக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை எழுதி அனுப்பிய காலம் போய்விட்டது. பெயர் மட்டும் இன்னும் வேண்டுகோளாகவே இருக்கிறது.

ஆனாலும் தொலைவில் இருப்பவர்களோடு வடிவமைப்பவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள விஷயம் உண்டு. வொர்க்‌ஷாப்புக்கு இரண்டு நாள் முன்பே ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். பெயரும் தேதியும் எண்ணும் இருக்கட்டும். இதில் எதுவும் முடிவில்லை என்பதை மேலேயே எழுதி வையுங்கள். எல்லோரும் ஒன்றாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைச் செய்து பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். "யாருக்காச்சும் ஏதாவது சொல்லணுமா?" என்று அதற்கப்புறம் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. சொல்ல வேண்டியதை அவர்கள் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.